மறுபடி குடித்துவிட்டு வருகிறவர்கள்

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் கவுன்சிலராக இருக்கிறேன். முதல் தடவை சிகிச்சைக்கு வருகிறவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குடியை விட்டு, வேலைக்கு ஒழுங்காகப் போய், வீட்டில் பேச்சுவார்த்தை சரியாகி, அப்புறம் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டு வருகிறாரே, அவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இத்தனை வருட வேலையில் என் மனசு அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது அவருக்காகத்தான்.

அவர் நேராக எங்களிடம் வருவதில்லை. குடித்த முதல் கிளாசுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே சில நாட்கள், பல பேருக்குச் சில வாரங்கள், ஓடிவிடுகின்றன. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எந்த முகத்தை வச்சுக்கிட்டு சார் வர்றது?" டிஸ்சார்ஜ் ஆன அன்று வார்டில் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துவிட்டுப் போனவர், குடியை விட்டவர்களின் கூட்டத்தில் எழுந்து தன் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர், அதே ஆட்கள் முன்னால் வந்து நிற்க அவருக்குக் கால் வரவில்லை. வெட்கம் வீட்டுக்குள் அடைத்துப்போடுகிறது, அந்த வெட்கத்தைத் தாங்க இன்னொரு கிளாஸ் தேவைப்படுகிறது. ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் என்ற உளவியலாளர்கள் 1985இல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள்: ஒருதடவை வழுக்கிக் குடிப்பது வேறு, பழைய குடிக்கே முழுசாகப் போய்விடுவது வேறு, முதலாவதை இரண்டாவதில் கொண்டுபோய் விடுவதில் 'எல்லாம் போச்சு' என்ற நினைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வார்டில் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள். முழுக்க நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு.

இந்த இடைப்பட்ட நாட்களைக் குறைப்பதுதான் மறுபடி குடித்தவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு மதியம் அப்படி ஒருவர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டார். நடுக்கம் தெரியக்கூடாதாம். பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டார். எங்கள் நர்ஸ் அக்கா தம்ளரில் பாதிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், நிறைய ஊற்றினால் சட்டையெல்லாம் சிந்திவிடும், அப்புறம் அதற்கும் அவர் கூனிக்குறுகிப் போவார். "ஏன் குடிச்சீங்க" என்று அக்கா கேட்கவே இல்லை. "கடைசியா எப்போ குடிச்சீங்க? மணி சொல்லுங்க" என்றுதான் கேட்டார்.

அந்த மணிக்கணக்கு ரொம்ப முக்கியம். தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், பொதுவாக 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட ஆரம்பிப்பார்கள், ஜுரமும் நாடித்துடிப்பும் ஏறும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற இந்த நிலையில் உயிரே போகலாம். இன்னொன்று, நிறுத்துவதும் திரும்பக் குடிப்பதுமாகப் பலதடவை நடந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் இந்தத் தொந்தரவு முன்னைவிடக் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. அதனால் போன தடவை வீட்டிலேயே சமாளித்தேன், இந்தத் தடவையும் ரூமைச் சாத்திக்கொண்டு வைராக்கியத்தில் நிறுத்திவிடுவேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீர் என்கிறது. டாக்டர் பார்த்துத் தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் டயஸிபாம் வகை மாத்திரையை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள், அது குறைந்தால் மூளை பாதிக்கப்படும் என்பதால்.

உடம்பு அடங்கிய பிறகுதான் பேச்சு. அந்த மனிதர் தெளிந்ததும் முதலில் கேட்டது, "பழைய ஃபைலையே எடுத்தீங்களா?" ஆமாம், பழையதையேதான். அதில் அவர் குடிக்காமல் இருந்த மாதங்கள் எல்லாம் எழுதியிருக்கின்றன, அவை எங்கேயும் போய்விடவில்லை. எந்த நேரத்தில் ஆசை வரும், யாரிடம் பேசினால் தணியும், எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பித்தார் என்பதெல்லாம் அவர் கற்றுக்கொண்டது. அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பின்னோக்கி நடந்தோம். கிளாஸைத் தொட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வாரமாகப் பின்னால் போனால், குடிப்பதற்கு வெகு முன்னாலேயே சங்கதி ஆரம்பித்திருப்பது தெரியும்: முதலில் கூட்டத்துக்குப் போவது நின்றிருக்கும், பிறகு மாத்திரை, பிறகு தூக்கம், பிறகு ஆபீஸில் யாரோடோ முறைப்பு. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எதுவும் முற்ற விடாதே என்று குடியை விட்டவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவருடைய கடைசி மூன்று வாரத்தில் நான்கும் இருந்தன.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதலாவது 1994இலும் இரண்டாவது 2004இலும் குடிநோய்க்கு அனுமதி பெற்றன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர் தருவார். மறுபடி குடித்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுக்கட்டுமா என்று ரகசியமாக வந்து கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடலாம், உயிருக்கே ஆபத்து. தெரிந்தே, சம்மதித்தே எடுக்க வேண்டிய மருந்து அது.

என்னைவிட அதிகம் உதவுவது, அந்த வழியில் நடந்து வந்தவர்தான். எங்கள் பிரிவுக்கு, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவர் அறிவுரை சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மனிதரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தானும் ஒருகாலத்தில் நடுவில் குடித்துவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததையும், யாரோ ஒருவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்ததையும் சொன்னார். அப்புறம் அந்த அமைப்பு பிறந்த கதையைச் சொன்னார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது அது. சந்தித்த பிறகு டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்தவரை பில் விட்டுவிடவில்லை. டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் அந்த அமைப்பின் பிறந்தநாளாக இன்றைக்கும் எண்ணுகிறார்கள். "அவருக்கே அப்படின்னா?" என்று கட்டிலில் இருந்தவர் கேட்டார். வந்ததிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

வீட்டுக்காரர்களிடம் நான் கொஞ்சமாகத்தான் பேசுவேன். "இனிமே இவரை நம்ப முடியாது சார்" என்று அவர் மனைவி சொன்னார். நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை, அவர் களைத்துப்போயிருந்தார், அந்தக் களைப்புக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, அவர் போக வேண்டியது அங்கே, கணவரைத் திருத்துவதற்காக இல்லாமல் தனக்காக.

மறுபடி குடித்தவர் இதைப் படித்தால்: இன்றைக்கே ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். கவுன்சிலரோ, ஸ்பான்சரோ (கூட்டத்தில் உங்களுக்குத் துணையாக நிற்கும் மூத்தவர்), டாக்டரோ, அண்ணனோ, கோபப்படாமல் ஒரு போன் எடுக்கக்கூடியவர் யாரானாலும் சரி. பெரிய விளக்கம் வேண்டாம், "குடிச்சிட்டேன், வரணும்" என்பது போதும். கை நடுங்கினால், முன்பு வலிப்பு வந்திருந்தால், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் அவரை உட்காரவைத்து, ஒரு தாளில் மூன்று பெயர்களும் போன் நம்பர்களும் எழுதச் சொன்னேன். மூன்றாவது பெயருக்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பெரியவரின் பெயரை எழுதினார். குடித்துவிட்டால் கூப்பிடுவதற்கு இல்லை, குடிக்கத் தோன்றும்போது கூப்பிடுவதற்கு என்று சொன்னேன். "குடிச்சிட்டாலும்?" என்றார். குடித்துவிட்டாலும்தான் என்றேன். அடுத்து வர வேண்டிய தேதியை ஃபைலில் குறித்தேன், அதையும் அவர் அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டார்.