குழியை நிரப்பியது ஜெல்லா, முயலா?

முழங்கால் குருத்தெலும்பில் விழும் குழியை ஒரு ஜெல் வைத்து ஆற்ற முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. ஜெல் தயாரிப்பதைவிட எந்த விலங்கில் சோதிப்பது என்று முடிவெடுக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

முயலில் தொடங்கினோம். வளர்ப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் அதன் தொடை எலும்பு முனையில் குருத்தெலும்பின் தடிமன் சுமார் 0.3 மி.மீ. மனிதனுக்கோ 2 மி.மீ.க்கு மேல். அவ்வளவு மெல்லிய படலத்தில் அடியிலுள்ள எலும்பைச் சீண்டாமல் குழி எடுப்பது பெரும்பாடு. எலும்பைத் தொட்டுவிட்டால் மஜ்ஜையிலிருந்து ரத்தமும் செல்களும் கசிந்து, குழி தானாகவே நிரம்பத் தொடங்கும். இளம் முயல் என்றால் கேட்கவே வேண்டாம். அப்புறம் பெயர் யாருக்கு? அதனால் எலும்பு வளர்ச்சி முடிந்த முயல்களை மட்டும் எடுத்தோம். ஜெல் வைக்காத வெற்றுக் குழிகளையும் ஒப்பீட்டுக்கு விட்டோம்.

நெறிமுறைக் குழு லேசில் விடவில்லை. ஏன் இத்தனை விலங்குகள், வலிக்கு என்ன மருந்து, எந்த நிலையில் ஆய்வை நிறுத்துவீர்கள் என்று துருவினார்கள். எரிச்சலாக இருந்தாலும், எல்லாப் பிரிவுக்கும் ஒரே வலிமருந்து என்று எழுதி வைத்தது அவர்களால்தான். சில வலிமருந்துகள் திசு ஆறுவதையே பாதிக்கக்கூடும்.

அடுத்து வெள்ளாடு. குருத்தெலும்பு முயலைவிடத் தடிமன், 6 மி.மீ. அகலக் குழி எடுக்கலாம், மூட்டுக்குள் கேமரா விட்டும் பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில். அறுவை முடிந்த மனிதரிடம் சில வாரம் கால் ஊன்றாதீர்கள் என்று சொல்லலாம். ஆட்டிடம் யார் சொல்வது? மயக்கம் தெளிந்ததும் எழுந்து நின்றுவிட்டது.

கடைசியில் திசுவைச் சீவிப் பார்க்கும் வேலை. எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைக்கவே வாரக்கணக்கில் ஆகும். வெறுங்கண்ணுக்கு ஜெல் வைத்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது. நல்ல குருத்தெலும்பைச் சிவப்பாக்கும் சாஃப்ரனின் ஓ சாயம் ஏற்றியதும் சிவப்பு ஓரங்களில்தான் நன்றாகப் பிடித்தது. நடுவில் வெளிறிய நார்த்திசு. தழும்புகளில் இருக்கும் புரதமான முதல் வகை கொலாஜன் மிகுந்த அந்தத் திசு பாரத்தை நெடுநாள் தாங்காது. எது எந்தப் பிரிவு என்று தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். முயலில் வெற்றுக் குழிக்கும் ஜெல் குழிக்கும் வித்தியாசம் சொற்பம். ஆட்டில் வெற்றுக் குழி ஏறக்குறைய அப்படியே கிடந்தது, ஜெல் குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. முயல் முடிவை மட்டும் வைத்து இந்த ஜெல்லைப் பற்றி நான் எதுவும் பேசமாட்டேன். ஆட்டு முடிவும் ஆறு மாதக் கணக்குதான். ஓராண்டுப் பிரிவு இன்னும் பாக்கி.