சவுக்குத் தோப்புக்கு ஒரு சான்றிதழ்

கடலூர் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் சவுக்கு. நான்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு; பட்டை உரித்ததும் கட்டை காகித ஆலைக்குப் போய்விடும். "எஃப்.எஸ்.சி. சான்றிதழ் குழுவில் சேருகிறீர்களா?" என்று ஆலையின் ஆள் வந்து கேட்டபோது, டன்னுக்கு எவ்வளவு கூடும் என்றுதான் முதலில் கேட்டேன். காட்டுக்கும் வேலை செய்பவர்களுக்கும் கேடில்லாமல் வளர்த்த மரம் என்று உலக அளவில் ஓர் அமைப்பு தரும் சான்று அது.

தனி ஆளாக வாங்கக் கட்டுப்படியாகாது. தணிக்கைச் செலவே வெட்டுக் காசை விழுங்கிவிடும். குழுவாகச் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரே சான்றிதழ், ஐந்து வருஷம் செல்லும். வருஷா வருஷம் தணிக்கை உண்டு. சில தோப்புகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

இழுத்தடித்தது பட்டாதான். அது இன்னும் தாத்தா பெயரில் கிடந்தது. மாற்றுவதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் பழைய அடங்கல், அதாவது எந்த வருஷம் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதிய பதிவு, கேட்டார்கள். நான் சேர்ந்த சமயத்தில், 1994-க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்துப் போட்ட தோப்புக்குச் சான்றிதழ் கிடையாது. எங்கள் அடங்கலில் வருஷா வருஷம் மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலை. 1993-ல் உலகக் காடுகளைக் காக்கத் தொடங்கிய ஓர் அமைப்புக்கு, எங்கள் அப்பாவின் மல்லாட்டை சாட்சி சொன்னது!

இரண்டாம் வருஷமே தணிக்கை என் தோப்புக்கு விழுந்தது. வந்தவர் மரங்களை அதிகம் பார்க்கவில்லை. நேரே மோட்டார் கொட்டகைக்குள் போனார். காலி பூச்சிமருந்து டப்பாவில் டீசல் ஊற்றி வைத்திருந்தேன், அதைக் குறித்துக்கொண்டார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு உறைகூடப் பிரிக்கவில்லை. "நேற்று வாங்கியதா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்தது ஓடை. கரை விளிம்பு வரை சவுக்கு நட்டிருந்தோம். அந்த வெட்டோடு கரையோர இரண்டு வரிசையை மறுபடி நடாமல் விட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வயிறு எரிந்தது. இப்போது அந்த இடத்தில் நாணல் மண்டிக் கிடக்கிறது. போன மழையில் கரை சரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பட்டை உரிக்கும் பெண்களிடம் தனியாகப் பேசினார். ஒரே பட்டை உரிப்பு வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது ஊர் வழக்கம். அதை எழுத்தில் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். நான் அடுத்த வாரமே சமமாக்கிவிட்டேன்.

கூடுதல் விலை வந்தது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கட்டை தேங்கிய வருஷத்தில் குழுவில் இருந்தவர்களின் வெட்டை ஆலை முதலில் எடுத்துக்கொண்டது. எனக்கு அதுவே பெரிய காசு.

பக்கத்துத் தோப்புக்காரர் மாமாதான் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார். அவர் தோப்பில் வெட்டு தொடங்கியபோது பழைய கூலியைச் சொல்லியிருக்கிறார். பெண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அங்க குடுக்கறாங்களே" என்றார்களாம். அவரும் கொடுத்தார். அவர் எந்தக் குழுவிலும் இல்லை.