பேரேட்டில் இருந்த கையெழுத்து

அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் 11 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். 40-ஆவது ஆண்டு மலருக்கு நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் வரைவில் 'நிறுவனர்' என்று பெரியவரின் பெயரைப் போட்டேன். அவருடைய மனைவிக்குக் கடைசிப் பத்தியில் 'உறுதுணையாக நின்றவர்' என்று ஒரு வரி. படித்த யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தொடங்கிய தேதியைச் சரிபார்க்கத்தான் பழைய பேரேடுகளை எடுத்தேன். முதல் ஒன்பது வருடமும் ஒரே கையெழுத்து. ஒவ்வொரு 7-க்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. அம்மா இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவார். பெரியவரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மரியாதையில் சொல்வதுதான். கொள்முதல், சம்பளப் பட்டுவாடா, நிலுவை வசூல் என்று மூன்று பேர் பார்க்கிற வேலை அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தது.

மூன்றாம் வருடப் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "ஆட்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு அடுத்த வாரம்." அந்த வருடத்தில் மட்டும் இதே குறிப்பு ஆறு இடத்தில் வருகிறது. அவர் பெயரில் ஒரு மாதச் சம்பளம்கூட எங்கும் எழுதப்படவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது முதல் பக்கம். தொழில் தொடங்கிய பணத்தில் பெரும்பகுதி அம்மா நகையை விற்றுக் கொண்டுவந்தது. அது மூலதனக் கணக்கில் ஏறவில்லை, அவர் பெயரில் கைமாற்றாக நிற்கிறது. ஐந்து வருடம் கழித்து ஒரே ஒரு மாற்றுப் பதிவில் அந்தத் தொகை பெரியவரின் மூலதனக் கணக்குக்குப் போய்விட்டது. அந்தப் பதிவையும் எழுதியது அதே கைதான். ஒரே வீட்டுப் பணம்தானே என்று நினைத்திருப்பார்கள். முதல் போட்டவருக்குப் பங்கு உண்டு, கடன் கொடுத்தவருக்கு வட்டி உண்டு. அம்மாவுக்கு இரண்டும் இல்லாமல் போனது.

அன்றிலிருந்து, ஜெர்மனியில் மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். 1871-இல், கல்யாணத்துக்கு முன்பே, தன் சீதனப் பணத்தைக் கொடுத்து கார்ல் பென்ஸின் தொழிலில் இருந்த பங்காளியை விலக்க வழி செய்தவர் அவர். 1886-இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது அது கணவரின் நிறுவனத்தின் பெயரில் இருந்தது, பெர்தாவின் பெயர் அதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து, இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஊசிக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். அவர் போட்ட பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சட்டமும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. பிரான்ஸின் 1804-ஆம் வருடச் சட்டத் தொகுப்பின்படி, திருமணமான பெண் கணவர் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. விதவை போடலாம். பார்ப்-நிக்கோல் க்ளிக்கோ 1805-இல், 27 வயதில், கணவரை இழந்த பிறகே குடும்பத்தின் ஷாம்பெயின் தொழிலைத் தன் பெயரில் நடத்த முடிந்தது. நிறுவனத்தின் பெயரிலேயே இன்றும் 'விதவை' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணவர் இருந்திருந்தால் அவரும் 'உறுதுணை' ஆகியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேரேட்டை முதலில் பெரியவரின் மகளிடம் காட்டினேன். 14 வருடமாகத் தொழிற்சாலையை நடத்துகிறவர் அவர்தான். இயந்திரம் வாங்குவது அவர் முடிவு, காசோலையில் கையெழுத்து தம்பியுடையது. வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விழாவுல அம்மாவுக்கு ஒரு கேடயம் குடுக்கலாம்னு தம்பி சொல்றான் சார்" என்றார். கேடயம் கொடுக்கட்டும், அதற்கு முன்னால் ஆவணத்தைச் சரிசெய்யலாமே என்றேன். சம்பளம் வாங்குகிற நான் இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் குடும்பமே உட்கார்ந்து பேசியது. பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார்: "அவ இல்லாட்டி ரெண்டாவது வருஷமே மூடியிருப்போம்." அம்மா பெயருக்குப் பங்கு மாற்றவும், மகளுக்குக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுக்கவும் தீர்மானம் போட்டார்கள். வங்கிக்கான படிவங்களை அன்று சாயங்காலமே தயார் செய்தேன்.

மறுநாள் மலரின் வரைவை அம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'உறுதுணை' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது என்ன வேலை தம்பி?" என்று கேட்டார். அடித்துவிட்டு இருவர் பெயரையும் நிறுவனர்கள் என்று எழுதினேன். அவர் அதோடு விடவில்லை. "முதல்ல பசை தடவ மூணு பொம்பளைங்க வந்தாங்களே, அவங்க பேரு எங்கே?" என்றார். அவருக்கு ஒரு பெயர்தான் நினைவில் இருந்தது. பழைய கூலிப் பதிவேட்டைத் தேடி எடுத்திருக்கிறேன். இரண்டாவது பெயர் கிடைத்துவிட்டது. மூன்றாவது பெயர் இருந்த ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. அதனால் மலரை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம்.