பந்தல் இல்லாத தோட்டம்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பிறந்தவனுக்குத் திராட்சை என்றாலே பந்தல்தான். தலைக்கு மேலே பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்க, குனிந்து நடந்தே வளர்ந்தேன். 2017-ல் பெங்களூரில் ஒரு பயண நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் சனிக்கிழமையே இருபது ஐடி ஊழியர்களை வேனில் ஏற்றிக்கொண்டு நந்தி மலை அடிவாரத்துக்குப் போனோம். அங்கே கம்பியில் வேலி கட்டியதுபோல் வரிசையாக நின்ற கொடிகளைப் பார்த்து, "பந்தல் எங்கண்ணே?" என்று கேட்டேன். ஓட்டுநர் கிருஷ்ணகிரிக்காரர். "இது தின்கிற பழம் இல்ல தம்பி, குடிக்கிற பழம்" என்றார்.

அந்தப் பக்கத்துக்குத் திராட்சை புதிதல்ல. தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் என்று எங்கும் 'பெங்களூர் புளூ' உண்டு. கருநீலத் தோல், தூக்கலான வாசம். புவிசார் குறியீடும் வாங்கிய பழம். ஆனால் நல்ல ஒயினுக்கு அது போதாதென்று கேபர்னே, ஷிராஸ் போன்ற பிரெஞ்சு ரகங்களை நட்டார்கள். குரோவர் என்ற ஒயின் நிறுவனம் 1988-லேயே தொடங்கிவிட்டது. 2007-ல் கர்நாடக அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது.

ஒயின் திராட்சையில் விளைச்சல் கூடக் கூடச் சுவை குறையுமாம். அதனால் காய்க்கும்போதே பல கொத்துகளை வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் இதைச் செய்தால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். ஆனாலும் ஆலையோடு ஒப்பந்தம் போட்ட விவசாயிக்கு அறுவடைக்கு முன்பே விலை தெரியும். சந்தைக்கு லோடு ஏற்றிவிட்டு விலைக்காகக் காத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்தவன் நான். அந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் பலர் கவாத்துக்கும் அறுவடைக்கும் சமையலறைக்கும் வேலைக்கு வந்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம்.

ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. எங்களுக்கு அதுதான் சீசன். விருந்தினர்கள் தொட்டியில் இறங்கித் திராட்சை மிதிப்பார்கள். மிதிப்பதற்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெங்களூர் புளூவைப் பெட்டி பெட்டியாக வாங்குவோம். உதிர்ந்த பழத்தில் கால் பட்டாலே பாட்டி திட்டுவார். இங்கே மிதிக்கக் காசு கொடுத்தார்கள்! அந்த விவசாயிக்கு நல்ல விலைதான் கிடைத்தது, என்ன, வருஷத்துக்குச் சில வாரம்.

கெடுதல் கொடியிலிருந்து வரவில்லை, காட்சியிலிருந்து வந்தது. திரும்பும் வழியில் போட்டோவுக்காக ஓரிடத்தில் நிறுத்துவோம்: முன்னால் கல்தூண் பந்தல், பின்னால் நந்தி மலை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், கையில் ஒயின் பை தொங்க, "இங்கே ஏக்கர் என்ன விலை?" என்று கேட்பார். 2008-ல் தேவனஹள்ளியில் விமான நிலையம் வந்தபோதே நில விலை ஏறத் தொடங்கிவிட்டது. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க இருந்த தடையையும் 2020-ல் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. அதன்பிறகு கேள்வி விளையாட்டாக இல்லை. நானும் ஒரு தரகரின் எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்தேன். ஒன்று முடிந்தது. கமிஷனில் ஊருக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பினேன்.

மிதிக்கப் பழம் கொடுத்தவரிடம், "நீங்களும் விற்கப் போகிறீர்களா?" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அவர் போர்வெல்லைக் காட்டினார். ஆயிரம் அடிக்குக் கீழே போயும் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது என்றார். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் சிக்கபள்ளாபூர். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அங்குள்ள ஏரிகளில் நிரப்புகிறார்கள். அவர் கிணற்றுக்கு எட்டியது அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் ரிசார்ட்டுக்கு நீச்சல்குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சீசனில் அந்தப் போட்டோ இடத்தில் பந்தல் இல்லை. கல்தூண்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், வாசலில் 'வைன்யார்டு வியூ வில்லா மனைகள்' என்று பலகை. வண்டியில் இருந்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டுநர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க தம்பி நிறுத்தறது?"

இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பந்தல் இருந்தது. அங்கே நிறுத்தச் சொன்னேன்.