பி-17 சாப்பிடவில்லை

மூன்று வருடம் நான் வேலை பார்த்த இடத்தில் பாம்புகளுக்குப் பெயர் கிடையாது. இழுப்பறைப் பெட்டியின் முகப்பில் ஓர் அட்டை, அட்டையில் ஓர் எண், அவ்வளவுதான். பி-17க்கு மட்டும் நான் மனத்துக்குள் ‘பிகு’ என்று பெயர் வைத்திருந்தேன். எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண் பாம்புக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இடம் டெக்சாஸில், டாலஸ் நகரத்துக்கு வெளியே. மனைவியின் வேலைக்காக அமெரிக்கா போனவன் நான். எனக்கு வேலை அனுமதி வந்தபோது கைவசம் இருந்தது ஒரு பழைய விலங்கியல் பட்டம் மட்டுமே. ஒரு தம்பதி நடத்திய சிறிய பாம்புப் பண்ணையில் பெட்டிகளைச் சுத்தம் செய்ய ஆள் தேவைப்பட்டது. அங்கே இருந்தவை எல்லாம் ‘பால் பைத்தான்’. ஊரிலிருந்த அம்மாவிடம் சொன்னபோது, பாம்புக்குப் பால் வார்க்கும் வேலையா என்று கேட்டார். இது அந்தப் பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவே வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் வாழ்கிற சிறிய மலைப்பாம்பு. 1992இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் வெளிறிய நிறக் குட்டிகளைக் கூண்டில் பொரிக்கவைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு, நிறத்துக்காகவே இதை வளர்ப்பது பெரிய வியாபாரமாகிவிட்டது. எங்கள் முதலாளியும் ஆர்லிங்டனில் நடக்கும் ஊர்வனக் கண்காட்சியில் மேசை போட்டு விற்பவர்தான். பி-17 உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட ‘பைபால்ட்’ வகை. அவர் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கையைச் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு: பெண்ணுக்கு மூன்று வயது, 1,500 கிராம். இரண்டும் ஆகிவிட்டால் இணை சேர்க்கலாம். 2020 செப்டம்பரில் தராசு 1,520 காட்டியது. முதலாளி நவம்பரைக் குறித்துவிட்டார். ஆனால் செப்டம்பரிலேயே பி-17 சாப்பாட்டை நிறுத்தியது.

பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. முட்டையிட வேண்டிய பெண்ணின் கணக்கு வேறு. கருமுட்டைகளுக்குள் சேரும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதன் உடம்பிலிருந்தே போகின்றன. முட்டையிட்டு முடிக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிற மாதிரிதான் அது. கையிருப்பு இல்லாதது கூமுட்டைகளாக இடும், அல்லது ஒன்றுமே இடாது, அல்லது இட்டுவிட்டு எழுந்திருக்காது.

எனவே ஊட்டியே தீருவது என்று இறங்கினேன். உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவேன். மறுநாள் சுடுநீரில் வைத்து, மூக்கு நுனி 100 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததா என்று கருவியால் பார்ப்பேன். போதாதென்று முதலாளியின் மனைவியிடம் ஹேர் டிரையர் இரவல் வாங்கி எலியின் தலையை மட்டும் தனியாகச் சூடாக்குவேன். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக இருக்கின்றன; அவற்றுக்காகத்தான் இத்தனை உபசாரம். பிறகு நீண்ட இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து, உயிரோடு நடப்பதுபோல் ஆட்டிக்கொண்டே கொண்டுபோவேன். பி-17 மறைவிடத்திலிருந்து தலையை நீட்டும். நாக்கு வேகவேகமாக வெளியே வரும். திடீரென்று நாக்கு நிற்கும், கழுத்து பின்னால் மடங்கும். இதோ கவ்வப்போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். எலியின் வால் பெட்டிச் சுவரில் லேசாக உரசும். அவ்வளவுதான், தலை உள்ளே போய்விடும். மறுபடி சூடாக்கு, மறுபடி ஆட்டு. சில நாள் நாற்பது நிமிடம்.

வேறு வித்தைகளும் செய்தேன். காட்டில் வளர்ந்த பெண் பாம்புகள் பெரும்பாலும் எலி வகைகளைத்தான் தின்னும்; ஆண்களும் குட்டிகளும் பறவைகளை அதிகம் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் அது தின்னும் மென்மயிர் எலியை அமெரிக்கப் பண்ணைகளில் தனியாக வளர்க்கிறார்கள். நாற்றம் பிடித்த, வெடுக்கென்று கடிக்கிற எலி. அதைக் கொடுத்தோம், இரண்டு தடவை சாப்பிட்டது. மூன்றாவது தடவை சாதாரண வெள்ளெலியைக் கொடுத்தபோது, பிரியாணி சாப்பிட்ட வீட்டில் ரசம் சாதம் வைத்த மாதிரி பார்த்தது. பாம்புக்கு முகபாவம் கிடையாது என்று நான் படித்த பட்டம் சொல்கிறது.

நவம்பரில் எடை 1,440. முதலாளி வாய்ப்பாட்டைத் தளர்த்தி ஆண் பாம்பை உள்ளே விட்டார். இரண்டு முறை இணை சேர்ந்தன. பிப்ரவரியில் எடை 1,330. அந்த மாதம் டெக்சாஸ் உறைந்தது. 16ஆம் தேதி டாலஸில் வெப்பம் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒரு அறைக்குத்தான் போதும் என்பதால், இருநூறு பெட்டிகளையும் அங்கே அடுக்கிக் கம்பளிகளால் மூடி, இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். பாம்புகள் பிழைத்தன. பி-17 முட்டையிடவில்லை. பிந்தைய நாட்களில் யார் கேட்டாலும் பனியைக் காரணம் சொன்னோம். சௌகரியமான காரணம். உண்மையில் அது ஆரம்பத்திலிருந்தே தயாராக இல்லை.

மார்ச்சில் ஒரு மதியம், வேலையில்லாமல், இரைக் கணக்கு எழுதும் அதன் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முப்பத்தொரு முறை இரை வைத்திருந்தோம். மென்மயிர் எலியை விட்டுவிட்டால் சாப்பிட்டது ஆறு முறை. தேதிகளை நாட்காட்டியில் பொருத்தினேன். ஆறில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எனக்கு விடுமுறை.

ஞாயிறு மாலை வேலைக்கு வந்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த, பேரப்பிள்ளைகள் எடுத்த ஓர் அம்மா. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எலியைச் சுடுநீரிலிருந்து எடுத்து, பெட்டியின் மூலையில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். ஆட்டிக் காட்ட மாட்டீர்களா என்றேன். இத்தனை பெட்டி இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பொம்மலாட்டம் காட்ட எனக்கு நேரம் ஏது என்று சிரித்தார். ஆறு மாதம் நான் செய்த சேவையின் மதிப்பு அன்றைக்குத் தெரிந்தது. கூச்சமாக இருந்தது என்பதைவிட, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது என்று சொல்வதே நேர்மை.

ஹேர் டிரையரைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியைச் சோதித்ததில் இன்னொன்றும் தெரிந்தது: வெப்பமானியின் உணர்கம்பி நழுவிக் கிடந்தது; 90 இருக்கவேண்டிய சூடான முனையில் 84தான் இருந்தது. பெட்டியை நடு வரிசைக்கு மாற்றி, முகப்பில் கறுப்புத் தாள் ஒட்டி, உடம்பை நெருக்கிப் படுக்கும்படி சிறிய மறைவிடம் வைத்தேன். 150 கிராம் எலியை விட்டு 80 கிராம் எலிக்கு இறங்கினேன். பத்து நாளைக்கு ஒரு முறை, இருட்டிய பிறகு, மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். செத்த எலி என்பதால் இது முடிந்தது. உயிருள்ள எலியை அப்படி விட்டால் அது பாம்பின் முதுகைக் குதறிவிடும். வெளியே வருவதுதான் கடினமாக இருந்தது. முதல் மாதம் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

2021 நவம்பரில் எடை 1,590. முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தராசு சொல்வதை அட்டையும் சொல்லட்டும் என்றேன். சம்பளம் வாங்குகிறவன் சொல்லக்கூடிய பேச்சில்லை. அவர் மனைவி என் பக்கம் சாய்ந்ததால் ஒரு வருடம் கிடைத்தது. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் ஏழு முட்டை இட்டது. அந்தச் செய்தியையும் வாதத்தில் சேர்த்துக்கொண்டேன்.

2022 நவம்பரில் 1,860 கிராம். இரவு வெப்பத்தை 76க்கு இறக்கி, 700 கிராம் ஆணை இரண்டு நாள் உள்ளே விடுவதும் எடுப்பதுமாகக் குளிர்காலம் போனது. ஜனவரியில் அதை என் விரல் நுனிகளின்மேல் மெல்ல ஊரவிட்டேன். வயிற்றுத் தோலுக்கு உள்ளே கோலிக்குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போயின. அதன் பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டது. இந்தத் தடவை எனக்குப் பதற்றமில்லை. நிறம் வெளிறியது, குளிர்ந்த முனைக்குப் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படுத்தது. இது வேறு மறுப்பு.

மார்ச் 8 காலை பெட்டியை இழுத்தால் நடு உடம்பு புடைத்திருந்தது, பெரிய எலியை விழுங்கியதுபோல. யார் இரை வைத்தது என்று அட்டையைத் தேடினேன். யாரும் வைக்கவில்லை, கருமுட்டைகள் இறங்குகிற நாள் அது. சாயங்காலம் வீக்கம் வடிந்திருந்தது. பதினெட்டு நாளில் சட்டை உரித்தது. அதிலிருந்து இருபத்தொன்பதாம் நாள், ஏப்ரல் 24, ஐந்து நல்ல முட்டைகளும் ஒரு கூமுட்டையும். முட்டைகளைச் சுற்றி இறுகிக் கிடந்த உடம்பை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுக்க இருவர் தேவைப்பட்டோம். முட்டைகள் 89 டிகிரி இன்குபேட்டருக்குப் போயின. எடை 1,235.

முட்டையின் வாடை இருக்கும்வரை அடைகாக்கும் நினைப்பிலேயே இரையைத் தொடாது என்பார்கள். பெட்டியைத் தேய்த்துக் கழுவி, பி-17ஐயும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினேன். தோல் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மூன்றாம் நாள் இரவு சிறிய எலி ஒன்றை மூலையில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். காலையில் மூலை காலியாக இருந்தது.

அடுத்த எலி ஒரு வாரம் கழித்து. காலையில் அது வைத்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டு, அட்டையில் ‘மறுத்தது’ என்று எழுதிவிட்டு, பி-18ஐ இழுத்தேன்.