இருபது நாள் கெடு: பாஸ்டன் தேயிலை நாட்குறிப்பு

நவம்பர் 1

பிரிட்டனின் அமெரிக்கக் காலனிகளில் முத்திரைச் சட்டம் அமலுக்கு வர வேண்டிய நாள், 1765. பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு வரவே இல்லை. நம் பத்திரப்பதிவு அலுவலகத்து முத்திரைத்தாள் தெரிந்தவர்களுக்கு ஏற்பாடு உடனே புரியும். முத்திரை குத்திய தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும். காலனிக்கு ஒரு விநியோகஸ்தர் இருப்பார். அவரிடம் ஸ்டெர்லிங் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடிப் பகடைக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு, வக்கீல் சன்னதுக்கு 10 பவுண்டு. பத்திரிகை, நிலப்பத்திரம், கோர்ட்டு மனு, கப்பல் புறப்பாட்டுச் சீட்டு எதுவும் தப்பவில்லை.

வக்கீல், அச்சகக்காரர், கப்பல் முதலாளி, சீட்டாடும் மாலுமி என எல்லாரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட சட்டம் இது. ஆனால் அதை முடக்க எல்லாரும் தேவைப்படவில்லை. தாளை விற்கும் ஆளை விலக வைத்தால் போதும். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஒரு எல்ம் மரத்தில், மாசசூசெட்ஸ் காலனியின் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தொங்கியது. மறுநாளே விலகுவதாக அவர் சொல்லிவிட்டார். மற்ற காலனிகளிலும் விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கோர்ட்டுகள் பல இடங்களில் மூடிக் கிடந்தன. கப்பல்களோ, ‘முத்திரைத்தாள் கிடைக்கவில்லை’ என்று சுங்கத்தார் எழுதிக் கொடுத்த சீட்டோடு கிளம்பிவிட்டன. 1766 மார்ச் 18 அன்று சட்டம் ரத்தானது. எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போடும் உரிமை தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் அறிவித்ததும் அதே நாளில்தான். வாபஸ் வாங்கியதைக் கொண்டாடியவர்களில் பலர் இந்த இரண்டாவது தாளைப் படிக்கவில்லை.

நவம்பர் 20

1767-ல் டவுன்ஷெண்ட் தீர்வைகள், அதாவது காலனிகளின் இறக்குமதிமேல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட வரிகள், தொடங்கிய நாள். கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை. தேயிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ்.

‘இந்தச் சில்லறைக்கா இவ்வளவு ரகளை?’ என்று இன்றும் கேட்கிறார்கள். பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் இந்த வசூலிலிருந்து சம்பளம் கொடுப்பது திட்டம். அதுவரை மாசசூசெட்ஸ் ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கியது அந்தக் காலனியின் சட்டசபை. ஆளுநர் முரண்டு பிடித்தால் இழுத்தடிக்கலாம். சட்டசபையின் கையில் இருந்த பெரிய பிடி அதுதான்.

பதிலுக்கு வந்தது இறக்குமதி மறுப்பு. பாஸ்டன் வியாபாரிகள் 1769 ஜனவரி 1 முதல் தொடங்கினார்கள். கோளாறு எங்கே என்றால், ஒவ்வொரு துறைமுகமும் தனித்தனி ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. பட்டியலும் வேறு, கெடுவும் வேறு. ஒரு ஊர் சரக்கு எடுத்தால் பக்கத்து ஊர்க்காரனின் வாடிக்கை போய்விடும். 1770-ல் மற்ற தீர்வைகளை நீக்கித் தேயிலையை மட்டும் லண்டன் வைத்துக்கொண்டதும் ஜூலையில் நியூயார்க் விலகியது. அக்டோபரில் பாஸ்டனும் கைவிட்டது.

நவம்பர் 28

1773, ஞாயிற்றுக்கிழமை. 114 பெட்டித் தேயிலையோடு ‘டார்ட்மத்’ பாஸ்டன் துறைமுகத்துக்குள் வந்தது.

சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1769-ல் ஹைதர் அலி சென்னை வாசல்வரை வந்து நின்றபோது லண்டனில் பங்கு விலை சரிந்ததே, அதே கம்பெனி. 1773-க்குள் அரசிடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கும் நிலைக்கு வந்திருந்தது. கிடங்குகளிலோ விற்காத தேயிலை மலைபோல் கிடந்தது. இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. அத்தனையும் சீனச் சரக்கு. புதிய தேயிலைச் சட்டம் இங்கிலாந்துத் தீர்வையைத் திருப்பிக் கொடுத்தது, ஏலத்தைத் தாண்டி நேரே அமெரிக்க ஏஜென்ட்டுகளுக்கு அனுப்ப அனுமதித்தது, 3 பென்ஸை மட்டும் விடவில்லை. விலை இறங்கும். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும், ஏஜென்ட் பட்டியலில் இடம் கிடைக்காத வியாபாரிகளுக்கும் ஒரே அடி. பாஸ்டன் ஏஜென்ட்டுகளில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள்.

விதி இதுதான்: கப்பல் சுங்க எல்லைக்குள் நுழைந்த 20 நாளுக்குள் தீர்வை கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் சுங்கத்தார் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். இன்றிலிருந்து எண்ணினால் டிசம்பர் 17.

நவம்பர் 30

நேற்றும் இன்றும் ஓல்ட் சவுத் ஆலயத்தில் கூட்டம். தேயிலை வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும், தீர்வை கட்டக் கூடாது என்பது முடிவு. கப்பலைக் கிரிஃபின் துறைக்குக் கொண்டுவரச் செய்து 25 பேரைக் காவல் வைத்தார்கள். மற்ற சரக்கை இறக்கலாம், தேயிலைப் பெட்டியை அசைக்கக் கூடாது.

டிசம்பர் 7

இரண்டாவது தேயிலைக் கப்பல் ‘எலினார்’ 2-ஆம் தேதி வந்துவிட்டது. இன்று ‘பீவர்’. அதில் அம்மை கண்டிருந்ததால் ரெயின்ஸ்ஃபோர்டு தீவில் நிறுத்திவிட்டார்கள். துறைக்கு வர 15-ஆம் தேதி ஆனது. நான்காவது கப்பலான ‘வில்லியம்’ கேப் காட் கரையில் மோதி உடைந்தது.

டிசம்பர் 16

வியாழன். ஆலயத்துக்குள்ளும் வெளியிலுமாக சுமார் 5,000 பேர். டார்ட்மத்தின் உரிமையாளர் தரப்பில் பிரான்சிஸ் ராட்ச், மில்டனில் இருந்த ஆளுநரிடம் புறப்பாட்டுச் சீட்டு கேட்கப் போயிருந்தார். சுங்கக் கிளியரன்ஸ் இல்லாமல் சீட்டு இல்லை என்றார் ஆளுநர். தீர்வை கட்டாமல் கிளியரன்ஸ் இல்லை. சீட்டு இல்லாமல் கிளம்பினால் கோட்டைப் பீரங்கி சுடும். ராட்ச் இருட்டிய பிறகு இந்தப் பதிலோடு திரும்பினார்.

கெடு முடிந்தால் என்ன ஆகும்? சுங்கத்தார் படைக் காவலோடு தேயிலையை இறக்குவார்கள், ஏலம் போடுவார்கள், தீர்வை வசூலாகிவிடும். இரவோடு இரவாக வேலையை முடித்ததற்குக் காரணம் இதுதான். ஆத்திரம் என்று சொல்வது பாதிதான் சரி.

மோஹாக் பழங்குடியினர்போல முகத்தில் கரி பூசியவர்கள் மூன்று குழுவாகப் பிரிந்து கப்பலுக்கு ஒரு குழு ஏறியது. கப்பல் துணை அதிகாரியிடம் சாவியும் மெழுகுவத்தியும் கேட்டு வாங்கினார்கள். கப்பியும் கயிறும் கட்டிப் பெட்டியை அடித்தட்டிலிருந்து தூக்கி, மேல்தட்டில் கோடரியால் பிளந்து, தேயிலையைக் கொட்டிப் பெட்டியையும் எறிந்தார்கள். 340 பெட்டி, ஐந்து வகைத் தேயிலை: போஹி 240, சிங்லோ 60, காங்கோ 15, ஹைசன் 15, சூசாங் 10. கறுப்புத் தேயிலையான போஹிப் பெட்டிதான் முதுகை ஒடிப்பது. பச்சைத் தேயிலைப் பெட்டிகள் சிறியவை. சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது.

ஒன்றை மட்டும் யாரும் கணக்கில் வைக்கவில்லை: நீர் வற்றியிருந்த நேரம் அது. கொட்டிய தேயிலை கப்பல் ஓரமாக வைக்கோல் போர்போல் குவிந்து நின்றது. இறங்கிக் கலைத்துச் சேற்றில் மிதிக்க வேண்டியிருந்தது. கோட்டின் உள்துணியில் தேயிலையை நிரப்பிக்கொண்ட ஒருவன் பிடிபட்டான். துணியை உருவி விரட்டினார்கள். உடைந்த பூட்டு ஒன்றுக்குப் பின்னர் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

எடை 92,000 பவுண்டுக்கு மேல், கம்பெனி சொன்ன நஷ்டம் 9,659 பவுண்டு. 3 பென்ஸ் வீதம் போட்டுப் பார்த்தால் மொத்தத் தீர்வை சுமார் 1,150 பவுண்டுதான்.

டிசம்பர் 17

காலையில் படகில் போய்த் துடுப்பால் அடித்து, மிதந்த தேயிலையை முக்கினார்கள். பாஸ்டன் வெள்ளித் தட்டார் பால் ரிவியர் செய்தியோடு நியூயார்க், பிலடெல்பியா நோக்கிக் குதிரையில் கிளம்பினார்.

டிசம்பர் 22

பாஸ்டன் பயந்தது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பாதி நடந்தது. 2-ஆம் தேதி வந்த ‘லண்டன்’ கப்பலின் 257 பெட்டியை, 20 நாள் முடிந்ததும் சுங்கத்தார் இறக்கி எக்ஸ்சேஞ்ச் கட்டடத்து நிலவறையில் பூட்டினார்கள். ஏஜென்ட்டுகள் ஏற்கெனவே விலகியிருந்ததால் தீர்வை கட்ட ஆளில்லை. 1776-ல் புரட்சி அரசு அதை விற்றுக் காசாக்கிக்கொண்டது.

டிசம்பர் 28

பிலடெல்பியாதான் காரியத்தைச் சுத்தமாக முடித்தது. 697 பெட்டியோடு வந்த ‘பாலி’யை ஆற்றிலேயே மறித்து, சுங்கத்தில் பதிவு செய்யவிடாமல் கேப்டன் அயர்ஸை ஊருக்குள் அழைத்துக் கூட்டத்தைக் காட்டினார்கள். பதிவே இல்லாததால் 20 நாள் கணக்கும் தொடங்கவில்லை. தண்ணீரும் தீனியும் ஏற்றிக்கொண்டு இன்று திரும்பிவிட்டார்.

பிப்ரவரி 1

1775. முந்தைய ஆண்டு, 1774 மார்ச்சில், தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடச் சட்டம் வந்தது. ஜூன் 1 முதல் அமல். செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடி, அக்டோபர் 20-ல் ‘அசோசியேஷன்’ எழுதின. 1770-ன் ஓட்டையை அடைத்த ஆவணம் இது. எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஒரே கெடு. டிசம்பர் 1-க்குப் பின் பிரிட்டிஷ் சரக்கு வந்தால் உரிமையாளர் திருப்பி அனுப்பலாம், கமிட்டியிடம் ஒப்படைத்துக் கிடங்கில் வைக்கலாம், அல்லது விற்கச் சொல்லலாம். விற்றால் முதல் அவருக்கு, லாபம் பாஸ்டன் ஏழைகளுக்கு. 1775 பிப்ரவரி 1-க்குப் பின் வந்தால் கட்டுப் பிரிக்காமல் திருப்ப வேண்டும். துக்க வீட்டில் கையுறையும் துண்டும் கொடுக்கும் வழக்கம்கூட நிறுத்தப்பட்டது, அவையும் இறக்குமதிதானே. கண்காணிக்க ஊருக்கு ஊர் தேர்ந்தெடுத்த கமிட்டி. மீறியவர் பெயர் பத்திரிகையில் வரும், அவரோடு கொடுக்கல் வாங்கல் நிற்கும்.

சேராத காலனியோடும் வியாபாரம் கிடையாது என்றது 14-ஆவது விதி. மாநாட்டுக்கு ஆள் அனுப்பாத ஜார்ஜியாவோடு 1775 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் கமிட்டி வியாபாரத்தை முறித்துக்கொண்டது.