மாப்ளையும் ஒரு டஜன் எலுமிச்சம்பழமும்

பெங்களூர் மாப்ளையோட கார்ல வாடை இன்னும் போகலையாம். எப்படிப் போகும்? சீட்டுப் பஞ்சுக்குள்ள இறங்கின பதனி இந்நேரம் காடியாகியிருக்கும்.

மனுசனுக்குத் தெரு முக்குலயே பீர் காய்ச்சி ஊத்துற கடை ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அங்கதான் குடியிருப்பு. முளைகட்டிக் காயவச்ச பார்லியை ஒண்ணு ரெண்டா உடைச்சு, 66 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, வடிச்ச சாறைக் கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூவோட இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆறவச்சு, புளிக்கவைக்கிற ஈஸ்ட் தூவணும்னு இட்லியைத் தொடாம விளக்கினார். அப்பத்தா முழுசும் கேட்டுச்சு. "இம்புட்டுப் பாடுபட்டாத்தான் புளிக்குமாக்கும்?"

கேள்வி நியாயம்தான். எங்க சாயல்குடிப் பக்கம் பனையில இறக்கின பதனியைப் புளிக்காம நிப்பாட்டுறதுதான் பாடு. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினா, காத்துல இருக்கிற ஈஸ்ட்டே வந்து உக்காந்துக்கும். போதாக்குறைக்கு, சரியாக் கழுவாத கலயத்துல ஒட்டியிருக்கிற பழசு தயிருக்கு உறை ஊத்தின மாதிரி வேலை செய்யும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கலயத்தைக் கழுவி, உள்பக்கம் சுண்ணாம்பு பூசிக் கட்டுறது. அளவு பனையேறி கையிலதான் இருக்கு. குறைஞ்சா பதனி நுரைக்கும். அதைக் காய்ச்சினா பாகு இறுகாம சிரட்டையில அல்வா கணக்கா நிக்கும். கூடினா கருப்பட்டி கருத்து, நாக்கைப் பிடிக்கும். கள்ளுக்கு 1987லயே தடை போட்டாச்சு. அதே மரம், அதே பாளைதான். உள்ள பூச்சு இருந்தா பதனி, இல்லேன்னா கேசு.

பதனி காய்ச்சுற குடிசையான விடிலிக்குக் கூட்டிட்டுப் போனா, மாப்ளை பையில இருந்து, சாறு தண்ணியை விட எவ்வளவு கெட்டின்னு காட்டுற ஹைட்ரோமீட்டரை எடுக்கிறார். மாமியார் வீட்டுக்குப் பல் தேய்க்கிற பிரஷ்ஷை மறந்துட்டு வந்த ஆளு! பதனியில மிதக்கவிட்டா 1.048. அவங்க கடையில பார்லி, வெந்நீர், அரைநாள் வேலைன்னு மெனக்கெட்டு எடுக்கிற சாறும் கிட்டத்தட்ட அதே அளவுதானாம். இங்க அது மரத்து உச்சியில தொங்குது. அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அடுப்படியில இருந்த அம்மா பொங்கி வந்த பாகுல ரெண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு நுரையை அடக்கிட்டு, "புகை தம்பி, தள்ளி நில்லுங்க"ன்னாங்க.

அதோட விட்டிருக்கலாம். கடைக்கார நண்பருக்குக் கொண்டுபோகணும்னு 12 லிட்டர் வாங்கினார். சுண்ணாம்பு வாடை ஆகாதுன்னு தெளியவச்சு இறுத்தார். அப்புறம் புளிப்பா காரமான்னு காட்டுற பிஎச் தாளை முக்கிப் பாத்துட்டு, "ரொம்பக் காரம், 5.4க்குக் கொண்டு வரணும்"னு ஒரு டஜன் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சார். ஈஸ்ட்டைக் கட்டிப்போட்டிருந்ததே அந்தச் சுண்ணாம்புக் காரம்தான். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி ஆயிருச்சு.

அடைச்சது ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஆறுல. சோடா பாட்டில்னா தடிமனா, அடியில அஞ்சு கால் வச்சு அழுத்தம் தாங்கும். தண்ணி பாட்டில் வெறும் தாள். அதையும் கழுத்து வரை ரொப்பித் திருகி மூடியாச்சு. வீட்டுல பீர் போடுறவங்க பாட்டில்ல நுரை பிடிக்க லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரைதான் போடுவாங்களாம், அவரே சொன்னது. பதனியில இருக்கிறது 100 கிராமுக்கு மேல. மே மாச வெயில் வேற.

அருப்புக்கோட்டை தாண்டலை. பின் சீட்டுல, பேத்தி வீட்டுக்குக் கிளம்பின அப்பத்தா காலடியில முதல் பாட்டில் வெடிச்சது. மாப்ளை டயர்னு நினைச்சு ஓரங்கட்டி, இறங்கி நாலு சக்கரத்தையும் உதைச்சுப் பாத்துட்டு இருக்கும்போதே ரெண்டாவதும் போச்சு.

அடுத்த திருப்பத்துல வண்டிச் சோதனை. கண்ணாடியை இறக்கினதும் போலீஸ்காரர் மூக்கு உள்ள வந்துச்சு. "என்ன சார், கள்ளா?" மாப்ளை பிஎச்ல இருந்து ஆரம்பிச்சார். நனைஞ்ச சேலையோட உக்காந்திருந்த அப்பத்தா சுருக்குப்பையை அவுத்து, வெத்தலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து நீட்டுச்சு. "பதனி அய்யா. சுண்ணாம்பு போட்டது. இந்தா இருக்கு பாருங்க."

அவர் டப்பாவைப் பாத்தார், சேலையைப் பாத்தார், போங்கன்னு கையைக் காட்டிட்டார்.

மிச்ச நாலையும் ரோட்டோரம் கொட்டிறலாம்னார் மாப்ளை. "மரமேறி நெஞ்சு காச்சிருக்கறதைப் பாத்தேல்ல? கொட்டுறானாம்"னு அப்பத்தா ஒரு அதட்டல். அப்புறம் டப்பாவுல இருந்த சுண்ணாம்பை வழிச்சு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு விரல் போட்டுச்சு. போலீஸ்காரர்கிட்ட சொன்னது பொய்யாயிறக் கூடாதாம். அதுக்கு மேல புளிச்சதைச் சுண்ணாம்பு திருப்பாதுன்னு அதுக்கும் தெரியும். மதுரை வர்ற வரைக்கும் நாலு பாட்டிலையும் மடியில கிடத்தி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மூடியை லேசாத் திருகி, பச்சைப் புள்ளைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி காத்தை விட்டுக்கிட்டே வந்துச்சு.